ஆயாவோட பவுன் காச தேய்ச்சிடாதீங்க! (தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி பதில்)

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): அண்ணா, எங்க ஆயா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க காசுமாலையில இருந்த ஒரு பவுன் காசு என் பங்குக்கு வந்திருக்கு. ஒரு பக்கம் ராஜா தலை, இன்னொரு பக்கம் குதிரை மேல ஒருத்தர் பாம்பு மாதிரி எதையோ குத்துறாரு, கீழ 1925னு இருக்கு. கருத்துப் போயிருக்கறதால புளி போட்டு தேய்ச்சு வித்துடலாம்னு வீட்ல சொல்றாங்க. நல்ல விலை போகுமா?

பதில்: தேய்க்காதீங்க தங்கச்சி, முதல்ல அந்தப் புளிய எடுத்து உள்ள வைங்க. அது 22 கேரட், செம்பு கலந்திருக்கறதால வருஷம் போகப் போக இப்படி ஒரு படலம் வரத்தான் செய்யும், அத தேய்ச்சு எடுத்தா மேல இருக்கற தங்கத்துலயும் கீறல் விழும், காசு சேர்க்கறவங்க லென்ஸ் வெச்சுப் பாத்த உடனே கண்டுபிடிச்சு விலைய குறைச்சிடுவாங்க. அழுக்கு இருந்தா வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு மெல்லிசு துணியில ஒத்தி எடுங்க, போதும்.

அந்தக் குதிரைக்காரர் புனித ஜார்ஜ், அவர் குத்தறது டிராகன். 1817ல பிஸ்ட்ரூச்சினு ஒரு இத்தாலிக்காரர் செதுக்குன உருவம், ரெண்டு செண்டிமீட்டர் சொச்சம் வட்டத்துக்குள்ள அந்தக் குதிரையோட தசை கூட தெரியும், வெயில்ல திருப்பித் திருப்பிப் பாருங்க. இப்ப வருஷத்துக்கு மேல, டிராகனுக்குக் கீழ இருக்கற தரையில பொடி எழுத்து இருக்கானு தேடுங்க. SA-ன்னு இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து இருந்தா நம்ம பிரிட்டோரியாவுலயே அடிச்சது, 1923லேருந்து 1932 வரைக்கும் அங்க சவரன் அடிச்சாங்க. 1925ல மட்டும் 60 லட்சத்துக்கு மேல அடிச்சதால உங்க காசு அபூர்வம் இல்ல, உள்ளத உள்ளபடி சொல்லணும்ல. இதே 1923னு இருந்தா புழக்கத்துக்கு அடிச்சதே 406தான், கதையே வேற. மாலைக்காக வளையம் பத்தவெச்ச தழும்பு வேற இருந்தா தங்க விலைதான் கிடைக்கும், எடை 7.99 கிராம், அதுல சுத்தத் தங்கம் 7.32 கிராம்.

ஆனா விக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. நாம பவுன் பவுன்னு சொல்றமே, அது இந்தக் காசுதான், ஒரு பவுண்டு, 20 ஷில்லிங். இந்தியாவுலேருந்து இங்க கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்களுக்கு முதல் வருஷ சம்பளம் மாசம் 10 ஷில்லிங், அப்ப ஒரு பவுன் காசுன்னா ரெண்டு மாசக் கூலி. ஒப்பந்தம் முடிஞ்சு இங்கயே தங்கணும்னா வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்டுனு 1895ல அப்ப இந்தப் பகுதிய ஆண்ட நேட்டால் அரசாங்கம் சட்டம் போட்டுச்சு, 1913ல பெரிய வேலைநிறுத்தம் நடந்து 1914லதான் அது ஒழிஞ்சுது. அப்படிப்பட்ட குடும்பங்கள்ல ஒரு பொம்பள காசு காசா சேத்து கழுத்துல கோத்துப் போட்டிருக்கான்னா அத என்னால வெறும் 7.99 கிராமா பாக்க முடியல. அவசரம் இல்லனா வெச்சுக்கோங்க தங்கச்சி.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): குரூகராண்ட் தங்கக் காசு வாங்கணும்னு ஆசை. ஏன் நம்ம நகை மாதிரி மஞ்சளா இல்லாம செவப்பா இருக்கு? போலி இருக்குமா?

பதில்: செவப்புக்குக் காரணம் செம்பு மட்டும்தான், வெள்ளி சேக்கறது இல்ல, எனக்கு அந்த நிறம்தான் அழகு. 1967ல முதல்ல வந்துச்சு, காசு மேல இத்தன ராண்டுனு மதிப்பே போட்டிருக்காது, அன்னன்னிக்கு தங்க விலைதான் அதோட விலை. ஒரு அவுன்ஸ் காசு 33.93 கிராம் இருக்கணும், அதுக்குள்ள சுத்தத் தங்கம் 31.1 கிராம். போலி இருக்கு. மட்டமான உலோகத்துல முலாம் பூசினதுன்னா தங்கத்த விட லேசா இருக்கும், எடைய சரி பண்ணப் போனா தடிமன் ஏறிடும், அதனால எடை, விட்டம், தடிமன் மூணையும் சேத்து அளக்கணும். டங்ஸ்டன் வெச்சு பண்ணினது மட்டும் வீட்டு அளவுல மாட்டாது, அதனால வாங்கும்போதே பில் குடுக்கற நல்ல டீலர்கிட்ட மிஷின்ல சோதிச்சு வாங்குங்க.

கேள்வி (லெனேசியா வாசகர்): க்ரூகர் முகம் இருக்கற குரூகராண்ட் காச நம்ம ஆளுங்க வீட்ல வெச்சுக்கறது சரியானு என் பொண்ணு கேக்குறா. எனக்கு பதில் தெரியல.

பதில்: பொண்ணு நல்ல கேள்வி கேட்டிருக்கா. அப்ப தனி நாடா இருந்த டிரான்ஸ்வாலுக்கு க்ரூகர் ஜனாதிபதியா இருந்தப்பதான் 1885ல அங்க மூணாம் நம்பர் சட்டம் வந்துச்சு, ஆசியாக்காரங்களுக்கு குடியுரிமை கிடையாது, ஒதுக்கின இடத்த விட்டு வெளிய நிலம் வாங்க முடியாதுன்னு. நிறவெறி ஆட்சியப் பாத்து 1985ல அமெரிக்கா குரூகராண்ட் இறக்குமதிக்கே தடை போட்டுச்சு. இதெல்லாம் அவகிட்ட மறைக்காம சொல்லுங்க. நான் வெச்சிருக்கேன், ஏன்னா அந்தத் தங்கத்த பூமிக்கு அடியிலேருந்து தோண்டி எடுத்தது க்ரூகர் இல்ல, சுரங்கத்துல உசிர விட்ட கருப்பின தொழிலாளிங்க, மறுபக்கம் துள்ளற ஸ்பிரிங்பாக் மானப் பாக்கும்போது அவங்க ஞாபகம்தான் எனக்கு வரும். அவளுக்கு மனசு ஒப்பலனா வேற காசு வாங்கிக் குடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க.

கேள்வி (டங்காட் வாசகர்): நம்ம நாட்டுலயே அபூர்வமான தங்கக் காசு எது?

பதில்: ஒத்த ஒம்பது! 1899ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் போயர்களுக்கும் (டச்சு வழி வந்த வெள்ளைக்காரங்க) போர் நேரம், புது அச்சு வந்து சேரல, அதனால 1898னு போட்ட க்ரூகர் பவுன்லயே ஒரு 9 குத்தினாங்க, அது பெருசாப் போயி தலை உருவத்துல முட்டிடுச்சு. அதனால அது ஒண்ணே ஒண்ணோட நின்னுச்சு, மத்ததுல சின்னதா ரெண்டு 9 போட்டாங்க. அந்த ஒத்தக் காசு எகிப்து ராஜா ஃபாரூக் கைக்கு கூடப் போயிட்டு வந்துச்சு. ஆனா எனக்கு அத விடப் பிடிச்சது 1902ல பில்கிரிம்ஸ் ரெஸ்ட்ல போயர் படை அடிச்ச வெல்ட்பாண்ட்ங்கற பவுன் காசு, மொத்தம் 986தான். கிட்டத்தட்ட சுத்தத் தங்கம், கைவேலை, ஓரமெல்லாம் ஒழுங்கா இருக்காது, படமே கிடையாது, வெறும் எழுத்துதான். மியூசியத்துல எங்கயாவது பாத்தீங்கன்னா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.