மனித-கணினி ஊடாட்டம், யூஐ வடிவமைப்பு: எந்தப் படிப்பில் சேரலாம்?

மனித-கணினி ஊடாட்டமும் (மனிதர்கள் கணினியைப் பயன்படுத்தும் விதம் பற்றிய துறை) யூஐ வடிவமைப்பும் (செயலி, இணையதளத் திரைகளை வடிவமைப்பது) படிக்க எதில் சேரலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று படிப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறார், எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதாம். தலைப்புப் பட்டியலை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். பயனர் ஆய்வு, வயர்ஃபிரேம் (திரையின் கோட்டு வரைவு), முன்மாதிரி, சோதனை என்று எல்லோரும் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, அசைன்மென்ட் என்னென்ன, எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பகுதிக்கு நேராகப் போங்கள்.

அங்கே தேட வேண்டியது ஒன்றுதான். நீங்கள் வடிவமைத்த திரையை முன்பின் தெரியாத ஒருவர் பயன்படுத்த, நீங்கள் வாய் திறக்காமல் பார்த்து, அவர் தடுமாறிய இடங்களைத் திருத்தி, வேறு ஆட்களை வைத்து மறுபடி சோதிக்கும் வேலை இருக்கிறதா? குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். ஒரே சுற்று என்றால் பிழைப் பட்டியலோடு முடிந்துவிடும். உங்கள் திருத்தம் பலித்ததா, புதிதாக வேறொன்றைக் கெடுத்ததா என்பது இரண்டாம் சுற்றில்தான் தெரியும். சோதனையே இல்லாத படிப்பு வெறும் ஃபிக்மா (திரை வரையும் மென்பொருள்) வகுப்பு. ஃபிக்மாவை இலவசக் காணொளிகளைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம்.

சோதனையை எவ்வளவு ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதை மாதிரிப் பாடத்திலேயே கண்டுபிடிக்கலாம். பயனருக்குக் கொடுக்கும் பணியை எப்படி எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். "வடிகட்டி பொத்தானை அழுத்தி விலை குறைந்த செருப்பைத் தேடுங்கள்" என்பது விடையைச் சொல்லிவிட்டுத் தேர்வு வைப்பது. "500 ரூபாய்க்குள் ஒரு செருப்பு வேண்டும், தேடிப் பாருங்கள்" என்பதுதான் சரி. அடுத்தது, சோதனைக்கு 'ஐந்து பேர் போதும்' என்ற விதி. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருவார் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வந்துவிடும் என்ற கணக்கு அது. குறைகளைத் தேட உதவும்; இரண்டு வடிவங்களில் எது வேகமானது என்று அளக்க ஐந்து பேர் போதாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விதியை மட்டும் ஒப்பிக்கும் பாடம் மேலோட்டமானது. எஸ்யூஎஸ் கேள்வித்தாளும் (பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்டு அளப்பது) அப்படித்தான்: பத்துக் கேள்வி, 0 முதல் 100 வரை மதிப்பெண், சராசரி சுமார் 68. அது சதவீதம் இல்லை. 70 வந்தால் முதல் வகுப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. அது சராசரியை ஒட்டியதுதான்.

கோட்பாட்டுப் பாடங்களைக் கண்டு பயப்பட வேண்டாம், பயன்படுத்த வைக்கிறார்களா என்று பாருங்கள். 1954-இல் வந்த ஃபிட்ஸ் விதியை (இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் அதை வேகமாகத் தொடலாம் என்பது) மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை. திரையின் மேல் விளிம்பை ஒட்டிய மெனுவை மவுஸால் பிடிப்பது ஏன் சுலபம், அதே காரணம் தொடுதிரையில் ஏன் செல்லாது என்று விளக்கச் சொல்லும் கேள்வி இருந்தால் நல்ல படிப்பு. (சுட்டி விளிம்பைத் தாண்டாமல் நின்றுவிடும், விரல் நிற்காது.)

அணுகல்தன்மையை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வடிவமைப்பது) கடைசி வாரத்தில் ஒரு விரிவுரையோடு முடித்தால் எனக்குச் சந்தேகம் வரும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு, பெரிய எழுத்துக்கு 3:1, கீபோர்டை மட்டும் வைத்து முழுப் பணியையும் முடிக்க முடிவது ஆகியவை ஒவ்வொரு அசைன்மென்ட்டின் மதிப்பெண்ணிலும் சேர வேண்டும். முடித்த பிறகு நிறத்தை மாற்றப் போனால் மொத்த வண்ணத் தொகுப்பும் கலையும்.

கணினி அறிவியல் துறை நடத்தும் படிப்பில் பொதுவாகச் சோதனை முறை, புள்ளியியல், நிரலாக்கம் அதிகம். ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு அது. வடிவமைப்புப் பள்ளியில் காட்சி வடிவமும் விமர்சன அமர்வுகளும் அதிகம். இணையப் படிப்பு என்றால் உங்கள் வேலையை யார் திருத்துவார்கள் என்று கேளுங்கள். சக மாணவர்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் "அருமை" என்ற ஒற்றைச் சொல்தான் திரும்பி வரும்.

பணம் கட்டுமுன் பழைய மாணவர் ஒருவரின் முழுத் திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், பளபளப்பான போர்ட்ஃபோலியோ வேண்டாம். அறிக்கையில் முதல் வரைவும் கடைசித் திரையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், நடுவில் நடந்த சோதனை மதிப்பெண்ணுக்காக மட்டுமே நடந்திருக்கும்.