இரண்டாவது பிரஸ் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் பட்டறை நடத்துகிறேன். ஒரு வாகன நிறுவனத்துக்குப் பாகங்கள் போகின்றன. ஒரே 160 டன் பிரஸ்ஸில் 24 டைகள் (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுகள்), இரண்டு ஷிப்ட். ஒரு டை மாற்ற ஒரு மணி நேரம் ஆவதால், ஏற்றினால் ஆறு நாள் சரக்கை அடித்துவிட்டுத்தான் இறக்குவோம். இப்போது வாடிக்கையாளர் தினமும் சின்னச் சின்ன லாட்டாகக் கேட்கிறார், வருடா வருடம் விலையையும் குறைக்கச் சொல்கிறார். கோடவுன் நிரம்பி வழிகிறது, ஆனால் கேட்ட பாகம் இருப்பதில்லை. கடன் வாங்கி இன்னொரு 160 டன் போட்டுவிடலாமா? ஜப்பான் முறை என்று ஒருவர் வந்து தரையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனார், ஒன்றும் மாறவில்லை. அதெல்லாம் நம் ஊருக்குச் சரிப்படுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது வாங்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிரஸ்ஸின் திறன் போதாமல் இருந்தால் கோடவுன் காலியாக அல்லவா இருக்கும்? அது நிரம்பி வழிந்தும் கேட்ட பாகம் இல்லையென்றால், தேவையில்லாததை முன்கூட்டியே அடித்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஷிப்டுக்கு 960 நிமிடம். சாப்பாடு, டீ, பழுது போக 840 என்று வையுங்கள். ஒரு நாள் தேவையை அடிக்க 600 நிமிடம் ஆகிறது என்றால் மிச்சம் 240. டைக்கு 60 நிமிடம் வீதம் நாளுக்கு 4 மாற்றம்தான் முடியும். 24 டையும் ஒரு சுற்று வர 6 நாள். மூன்றாம் நாள் ஒரு பாகத்தின் தேவை கூடினால், வரிசையைக் கலைத்து அந்த டையை ஏற்றுகிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் வேறொரு பாகத்திடமிருந்து பிடுங்கியது. அடுத்த வாரம் அது தட்டுப்படும். டை மாற்றம் 12 நிமிடத்துக்கு வந்துவிட்டால் அதே 240 நிமிடத்தில் 20 மாற்றம், ஒன்றேகால் நாளுக்குள் ஒரு சுற்று. லாட் ஐந்தில் ஒரு பங்காகும். 600 என்பது நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் லாக் புத்தகத்தைப் பார்த்துச் சரியானதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ (இன்றைய மாஸ்டா) ஆலை 1950இல் இதே நெருக்கடியில் இருந்தது. 350, 750, 800 டன் பிரஸ்கள் போதவில்லை, புதிது வாங்கலாம் என்றார்கள். ஜப்பானியத் தொழில் ஆலோசகர் ஷிகியோ ஷிங்கோ கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்தார். 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றும்போது ஒரு போல்ட்டைக் காணோம். தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடி அலைந்து, கடைசியில் பக்கத்து இயந்திரத்தின் நீள போல்ட்டை எடுத்து, அறுத்து, மரை வெட்டி மாட்டினார். நாளைக்கு அந்த இயந்திரத்துக்கு எதை மாட்டுவார்கள்? ஷிங்கோ வேலையை இரண்டாகப் பிரித்தது அங்கேதான்: பிரஸ் நின்றால்தான் செய்ய முடிகிறவை, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியவை. 1969இல் டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேர மாற்றம் முதலில் 90 நிமிடமாகி, பிறகு 3 நிமிடத்துக்கு வந்தது.

நம் ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில், பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேலாண்மைக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை 1998இல் வாங்கியது. ஊர் தடையில்லை. மஞ்சள் கோட்டிலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். பழைய லாட்டின் கடைசி பீஸிலிருந்து புதிய லாட்டின் முதல் நல்ல பீஸ் வரை மூன்று டை மாற்றங்களை வீடியோ எடுத்து, டை மாற்றும் செட்டரோடு உட்கார்ந்து நிமிடம் நிமிடமாகப் பாருங்கள். ஸ்பேனர் தேடுவது, ஃபோர்க்லிஃப்டுக்குக் காத்திருப்பது, தரம் பார்க்கும் க்யூசி ஆள் வர நிற்பது, இவைதான் பாதி நேரத்தைத் தின்றிருக்கும். அடுத்த டை, தகடு, போல்ட், கேஜ், காலி டிரே எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் பிரஸ் நிற்பதற்கு முன்பே பக்கத்தில் வந்துவிட வேண்டும். இதற்குச் செலவே இல்லை, 60 நிமிடம் 35 பக்கம் வந்துவிடும்.

அடுத்தது டைகள். 24 டையின் மூடிய உயரத்தையும் அளந்து எழுதுங்கள். 280 மி.மீ. டைக்கும் 320 மி.மீ. டைக்கும் நடுவே, மேலிருந்து இறங்கி அடிக்கும் ராமை ஏற்றி இறக்கிச் சரிசெய்வதில்தான் செட்டர் திணறுகிறார். குட்டையானவற்றின் அடியில் அரைத்த பிளேட்டை நிரந்தரமாகப் பொருத்தி எல்லாவற்றையும் 320க்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பிளேட்டில் கழிவுத்துண்டு விழும் துளை டையின் துளையைவிடச் சற்றுப் பெரிதாக, நேர் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் துண்டுகள் உள்ளே அடைந்து, துளை போடும் பஞ்ச் முறியும், டையே பிளந்தும் போகும். கிளாம்ப் பிடிக்கும் விளிம்பின் தடிமனும் எல்லா டையிலும் ஒன்றாக இருந்தால் ஒரே நீள போல்ட் போதும். 20 மி.மீ. போல்ட்டில் மரைக்கு மரை இடைவெளி 2.5 மி.மீ. நட்டு 30 மி.மீ. இறங்க 12 சுற்று. பிடிப்பதோ கடைசிச் சுற்று மட்டும். விளிம்பில் வாய் திறந்த காடி வெட்டினால் ஒரு சுற்று தளர்த்தி டையை உருவிவிடலாம். டை சரியான இடத்தில் உட்கார, பிரஸ்ஸின் மேடையான பெட்டில் இரண்டு பின் ஆணிகள் வையுங்கள். டையில் ஒன்று வட்டத் துளையாகவும் மற்றது நீள்துளையாகவும் இருக்கட்டும். இரண்டும் வட்டமாக இருந்தால் இடைவெளியில் வரும் சின்ன வித்தியாசத்திலேயே டை சிக்கிக்கொள்ளும்.

லாட் தொடங்கும் முன் க்யூசி பார்த்துத் தரும் முதல் பீஸ் ஒப்புதலைக் கவனியுங்கள். ஒவ்வொரு லாட்டின் கடைசி பீஸையும் அன்றே அளந்து, டையோடு கட்டி வையுங்கள். பிசிறு தெரிந்தால் ஸ்டோருக்குப் போகும் முன் டையைச் சாணை பிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் விட்டால், அடுத்த முறை டை பிரஸ்ஸில் ஏறிய பிறகுதான் மொட்டை என்று தெரியும்.

வேகத்துக்காக ஒரு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அது முழுசாக நின்று, ராமுக்கு அடியில் பாதுகாப்புக் கட்டை வைத்த பிறகே கை உள்ளே போக வேண்டும். 12 நிமிடம் என்பது இதையும் சேர்த்துத்தான்.

நேரம் குறைந்த பிறகு பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மிச்சமான நேரத்தில் இன்னும் அதிகமாக அடித்துக் கோடவுனில் தள்ளுவார்கள். அந்த நேரத்தை இன்னொரு டை மாற்றத்துக்கே செலவிடுங்கள். கணக்காளர், லாட் சின்னதானால் பீஸுக்கு செட்டிங் செலவு கூடும் என்பார். நாள் முழுக்க டை மாற்றப் போகும் நேரம் அதே 240 நிமிடம்தான், செட்டரின் சம்பளமும் அதேதான். கூடுவது எதுவுமில்லை, சரக்கில் முடங்கிய பணம்தான் வெளியே வருகிறது. ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று ஊக்கத்தொகை கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் டை இறக்கவே ஆட்கள் விடமாட்டார்கள்.

விலைக்குறைப்பைப் பற்றி: பிரஸ் பாகத்தின் விலையில் பெரும்பங்கு தகடுதான். கூலியில் கை வைக்காதீர்கள், பட்டைத் தகட்டின் பிட்ச்சை, அதாவது ஒரு பீஸிலிருந்து அடுத்த பீஸுக்குத் தகடு நகரும் தூரத்தைப் பாருங்கள். 50 மி.மீ. பிட்ச்சில் 1 மி.மீ. குறைத்தால் தகட்டில் 2 சதவீதம் மிச்சம். பீஸுக்குப் பீஸ் நடுவே விடும் பட்டையை மட்டும் தகட்டின் தடிமனுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், அது டைக்குள் இழுபட்டு மாட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு நாள் தேவையை அடிக்கவே 800 நிமிடத்தைத் தாண்டினால், அப்போது தாராளமாக இரண்டாவது பிரஸ் வாங்குங்கள். பெட்டின் காடி இடைவெளியும் உயர அளவும் இப்போதுள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள், எந்த டையும் இரண்டிலும் ஏற வேண்டும்.