மினி-டிஎன்7: பாதி காலனிகளில் பிசிஆர் பட்டை வராதது ஏன்?

வணக்கம். பர்கோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் பாக்டீரியாவில் மினி-டிஎன்7 (எதிர்ப்பு மரபணுவைச் சுமந்து குரோமோசோமில் நுழையும் டிஎன்ஏ துண்டு) செலுத்தினேன், காலனிகள் எல்லாம் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கி வளர்கின்றன, ஆனால் பாதியில், அது நுழைந்ததைக் காட்டும் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பட்டை வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காலனிகளை இப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிஎன்7 கண்ட இடத்தில் நுழையாது. அதன் டிஎன்எஸ்டி புரதம் ஜிஎல்எம்எஸ் மரபணுவின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் நுழைவது மரபணு முடிந்து சுமார் 25 காரச் சோடிகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) தள்ளி. அடையாளம் உள்ளே, வெட்டு வெளியே. கெட்டிக்கார ஏற்பாடுதான்: செல்சுவர் கட்ட அந்த மரபணு வேண்டும், அதனால் அந்த வரிசை பாக்டீரியாக்களில் எளிதில் மாறுவதில்லை, நுழைந்தாலும் மரபணுவுக்குச் சேதமில்லை.

ஈ. கோலையிலும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிலும் ஜிஎல்எம்எஸ் ஒன்றுதான். உங்கள் பாக்டீரியாவில் இரண்டு. நீங்கள் முதலாவதற்கு மட்டும் பிரைமர் (பிசிஆர் தொடங்கும் இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிஎன்7 முனையிலிருந்து வெளிநோக்கி ஒரு பிரைமர், இரண்டு ஜிஎல்எம்எஸ்ஸுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று, இப்படிப் போட்டுப் பாருங்கள். சில காலனிகளில் இரண்டு இடத்திலுமே இருக்கலாம். டிஎன்7 இருக்கும் இடத்துக்கு அருகில் இன்னொன்று நுழையாது என்பது உண்மை, ஆனால் அந்தத் தடை தொலைவில் உள்ள மற்ற ஜிஎல்எம்எஸ் வரை எட்டாது.

இரண்டிலும் பட்டை இல்லையென்றால், மினி-டிஎன்7-ஐக் கொண்டுவந்த பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) முழுசாக ஒட்டிக்கொண்டதா, தானாகவே எதிர்ப்பு வந்ததா என்று சந்தேகப்படுங்கள். அப்புறம், ஸ்ட்ரெய்ன்களை (ஒரே பாக்டீரியாவின் வெவ்வேறு வகைகளை) ஒப்பிடப் போகிறீர்களென்றால் எல்லாவற்றிலும் ஒரே ஜிஎல்எம்எஸ்ஸில் மட்டும் நுழைந்த காலனிகளையே எடுங்கள்.