பல்வலி: வைத்தியரிடம் போகும்வரை என்ன செய்யலாம்? பார்மசி அக்காவின் பதில்கள்

வெள்ளவத்தையில் பார்மசி நடத்தும் மருந்தாளர் அக்கா, பல்வலி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் தருகிறார். "நான் பல் வைத்தியர் இல்லை. கதிரையில் போய் இருக்கும்வரை தாக்குப்பிடிக்க வழி சொல்கிறேன், அவ்வளவுதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, கீழ்க் கொடுப்புப் பல் இரவு முழுக்க நித்திரை கொள்ள விடவில்லை. போயா லீவும் சேர்ந்து வந்துவிட்டது, டொக்டர் செவ்வாய்தான் வருவார். என்ன செய்யட்டும்?

முதலில் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்து, பல்லிடுக்கை நூலால் மெதுவாகத் துப்புரவாக்குங்கள். சூத்தைக்குள் இறைச்சி நார் ஒன்று இறுகியிருந்தாலே உயிர் போகும். அது வெளியே வந்தால் பாதி வலி குறையக்கூடும்.

பிறகு மருந்து. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பெனடோல் (பரசிற்றமோல்) இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போடவே கூடாது. கூடினால் ஈரல் கெடும். போட்ட நேரத்தை எழுதி வையுங்கள், வலியில் கணக்குத் தப்பும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பரசிற்றமோல்தான் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

பல்வலிக்கு இபுபுரோபன் இன்னும் நன்றாகக் கேட்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது அழற்சி. சாப்பிட்ட பிறகு 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பெனடோலோடு சேர்த்தும் எடுக்கலாம். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் தொடக்கூடாது. கூடவே காய்ச்சலும் இருந்தால் யாருமே தொடவேண்டாம். கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. டெங்குவில் இபுபுரோபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எல்லாமே இரத்தக்கசிவைக் கூட்டும்.

இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். தட்டையாகப் படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடி, குத்தும் கூடும். ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளிப்பக்கம் கால் மணித்தியாலம் வைத்து எடுக்கலாம். சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

தெஹிவளையிலிருந்து: கராம்பு எண்ணெய் உண்மையில் வேலை செய்யுமா, அம்மாவின் நம்பிக்கை மட்டும்தானா?

அம்மா சொல்வது சரி. கராம்பில் உள்ள யூஜினோல் நரம்பை மரக்கச் செய்யும்; பல் வைத்தியர்கள் தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்திலும் அது இருக்கிறது. பஞ்சு நுனியில் ஒரு துளி எடுத்துச் சூத்தைக்குள் மட்டும் வையுங்கள். முரசில் பட்டால் எரியும், புண்ணாகும். எண்ணெய் இல்லையென்றால் ஒரு கராம்பை அந்தப் பல்லின் பக்கத்தில் ஒதுக்கி வைத்தாலும் கொஞ்சம் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணெய் வேண்டாம், விழுங்கினால் நஞ்சு.

மட்டக்குளியிலிருந்து ஒரு அண்ணா: டிஸ்பிரினைப் பல்லில் அப்பலாமா? கொஞ்சம் சாராயம்?

இரண்டும் வேண்டாம். டிஸ்பிரின் முரசைச் சுட்டு வெள்ளைப் புண்ணாக்கும். சாராயம் கொஞ்ச நேரம் மறக்கவைக்கும். பிறகு போடும் பெனடோலோடு சேர்ந்து ஈரலுக்குத்தான் கேடு.

வத்தளையிலிருந்து: போனமுறை நாலு அமொக்சிசிலின் போட்டதும் சுகமாகிவிட்டது. இந்த முறையும் அதையே வாங்கலாமா?

அமொக்சிசிலின் ஒரு அன்டிபயோட்டிக். என் கடைக்கு வந்தால் டொக்டரின் துண்டில்லாமல் தரமாட்டேன். நரம்பு அழற்சியால் வரும் வலியை அன்டிபயோட்டிக் தொடாது. போனமுறை தானாகவே அடங்கியிருக்கும், அல்லது நரம்பு செத்திருக்கும். அரைகுறையாகப் போட்ட நாலு குளிசையால் கிருமி பழகிப்போவதுதான் மிச்சம்.

கிராண்ட்பாஸிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு ஐந்து வயது. பல்வலியில் அழுகிறாள்.

பெனடோல் சிரப்பை வயதைவிட நிறையைப் பார்த்துக் கொடுங்கள்: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. போத்தலோடு வந்த அளவுக் கரண்டியால் அளவுங்கள், தேநீர்க் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. பாற்பல்தானே, விழட்டும் என்றும் விடாதீர்கள். கொடுப்புப் பாற்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்கவேண்டியது.

பம்பலப்பிட்டியிலிருந்து: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி.

பெனடோல் எடுக்கலாம், இபுபுரோபன் வேண்டாம். பல் வைத்தியரிடம் தைரியமாகப் போங்கள், நடுமூன்று மாதங்கள்தான் அதற்கு வசதியான காலம். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தெமட்டகொடையிலிருந்து: மூன்று நாள் குத்திய பல் இன்று சும்மா இருக்கிறது, ஆனால் கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. அப்பொயின்ட்மென்ட்டை ரத்துச் செய்யட்டுமா?

ஐயோ, வேண்டாம்! நரம்பு செத்தால் வலி நிற்கும். கிருமி வேரடியில் சீழ் சேர்த்துக்கொண்டிருக்கும். வலி நின்று வீக்கம் வந்தால்தான் எனக்குப் பயம் கூடும். இன்றே காட்டுங்கள். வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், நாக்குக்குக் கீழே அல்லது கழுத்தில் வீக்கம், கண் மூடுமளவு வீக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும் பல் கிளினிக்கைத் தேடி அலையாமல் நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு விடக் கஷ்டமாக இருந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை.

ஆமர் வீதியிலிருந்து: தனியாரிடம் வேர் சிகிச்சைக்குக் கேட்கும் காசு என்னிடம் இல்லை அக்கா.

வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது, அரசாங்கத்தினுடையது. விடியவே போங்கள், வரிசை நீளம். அடையாள அட்டையையும், போட்ட மருந்துகளின் காலி அட்டைகளையும் கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை ஒன்று" என்று சொன்னால் எந்த டொக்டருக்கும் விளங்காது.