விழுவதில் என்ன இன்பம்?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் நாவல்களைப் பற்றிய கட்டுரைகளைத்தான் வழக்கமாகப் படிப்பேன். அண்மையில் ஒரு பதிலில், வீடியோ கேம் ஆடுவதுண்டு என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன்.

மகனுக்காக ஸ்விட்ச் கன்சோல் வாங்கினேன். அவனோடு உட்கார்ந்து ‘செலஸ்ட்’ ஆடத் தொடங்கினேன். ஒரு பெண் மலையேறுகிறாள், அவ்வளவுதான். படமும் கட்டம் கட்டமாக, அந்தக் காலத்து டிவி கேம் போலத்தான் இருக்கிறது. விழுகிறேன், சாகிறேன், மறுபடி ஏறுகிறேன். ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. சினிமாவைப் போலப் பெரும் செலவில் எடுத்த இன்னொரு சாகச விளையாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். ஏன் இப்படி? இவற்றில் கதை என்று ஒன்றும் இல்லையே, எழுத்தாளரான உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது? இன்னொரு சந்தேகம்: செலஸ்டில் ஆட்டத்தை எளிதாக்க உள்ள உதவி முறையைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்கிறான் மகன். அப்படியா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கதையைப் பிறகு பார்க்கலாம். முதலில் தாவல்.

ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தாவுவது. பிளாட்ஃபார்ம் விளையாட்டில் மணிக்கணக்காகச் செய்வது இதைத்தான். அது கைக்கு இனிக்கவில்லை என்றால் ஓவியமோ இசையோ வசனமோ அந்த விளையாட்டைக் காப்பாற்றாது. 1996இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ 64’ உருவானபோது, நின்டெண்டோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவின் குழு முதலில் மாரியோவை ஒரு சிறிய இடத்தில் ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்த வைத்துப் பார்த்தது. ஓடுவதும் திரும்புவதும் அலுக்காமல் இருக்கும்வரை அதைச் சீர்செய்தார்கள். அந்த முயல் முடிந்த விளையாட்டிலும் இருக்கிறது, கோட்டையின் நிலவறையில். விளையாட்டின் தொடக்கத்தில் வரும் கோட்டைத் தோட்டத்தில் எதிரி யாரும் இல்லை. சில மரங்கள், கொஞ்சம் தண்ணீர், புல்வெளி. உள்ளே போக வேண்டிய கதவு கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் உடனே போவதில்லை. மரத்தில் ஏறுகிறார்கள், நீந்துகிறார்கள், சும்மா கரணம் அடிக்கிறார்கள். சிரமப்பட்டுச் செய்த உடல் அது. அதைப் போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மாரியோவின் தாவலை நியூட்டன் பார்த்தால் கோபித்துக்கொள்வார். பட்டனை அழுத்திப் பிடித்தால் உயரத் தாவுகிறான், தட்டிவிட்டால் சிறிதாகத் துள்ளுகிறான், நடுக்காற்றில் திசையை மாற்றுகிறான். எந்த மனிதனாலும் முடியாத காரியம். ஆனால் விரல் அதை முழுமையாக நம்பிவிடுகிறது.

உங்கள் செலஸ்டுக்கு வருகிறேன். 2018இல் வெளியான அந்த விளையாட்டை வடிவமைத்த மேடி தார்சன், அதற்குள் ஆட்டக்காரருக்குச் சாதகமாகச் செய்திருக்கும் தில்லுமுல்லுகளை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கிறது. அப்போதும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அழுத்தினால் தாவல் ஏற்றுக்கொள்ளப்படும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் தாவச் செய்யும். தாவும்போது தலை ஒரு மூலையில் இடித்தால் சற்றே விலக்கி மேலே அனுப்பிவிடும். ஆட்டக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. சரியான கணத்தில் அழுத்தினேன் என்றே நினைப்பார். இவ்வளவு கருணைக்குப் பிறகும் விழுந்தால், தப்பு நம்முடையது என்று மனம் ஒப்புக்கொள்கிறது. மோசமான விளையாட்டில் கண்ட்ரோலரை வீசத் தோன்றும், நல்ல விளையாட்டில் ‘இன்னொரு முறை’ என்று தோன்றும். நீங்கள் கீழே வைக்காததற்குப் பாதிக் காரணம் இந்த ரகசியக் கருணை.

மீதிக் காரணம், அங்கே சாவு மலிவு. செத்த கணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறீர்கள். மூன்று உயிர், ஆட்டம் முடிந்தது, முதலிலிருந்து வா என்பதெல்லாம் காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்துப் பழக்கம். 1981இல் ‘டாங்கி காங்’ வந்தபோது, சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக்குள் கன்சோல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் பல ஆண்டுகள் தொற்றிக்கொண்டிருந்தது. 2017இல் ‘சூப்பர் மாரியோ ஒடிசி’ வந்தபோது நின்டெண்டோவே உயிர்க் கணக்கை விட்டுவிட்டது. செத்தால் பத்து நாணயம் போகும், அவ்வளவுதான்.

பாதியில் விட்ட விளையாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த வகையை எனக்குத் தெரியும். கண்ட்ரோலரின் ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் போதும், நாயகன் தானே பாறையைப் பற்றிக்கொள்வான். எந்தப் பாறை என்ற சந்தேகமும் வரக்கூடாது என்று அதில் மஞ்சள் சாயம் பூசியிருப்பார்கள். போதாக்குறைக்குக் கூட வருபவர், “மேலே ஏறலாம் போலிருக்கிறதே!” என்று வாய்விட்டுச் சொல்வார். விழ வாய்ப்பே இல்லாத இடத்தில் ஏறியதில் என்ன பெருமை? தொலைய வழியே இல்லாத இடத்தில் சாகசம் எங்கிருந்து வரும்?

சொல்லாமலே சொல்லிக்கொடுக்க முடியும். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முதல் கட்டத்தைப் பாருங்கள். தொண்ணூறுகளில் நம் ஊரில் விற்ற நகல் கருவிகளிலும் இது இருந்தது, நீங்களும் ஆடியிருப்பீர்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. வலப்பக்கம் போகத்தான் தோன்றும். எதிரே முறைத்துக்கொண்டு ஒரு எதிரி வருகிறது. தாவத் தெரியாவிட்டால் சாவு, தாவினால் தலைக்கு மேலிருக்கும் கட்டியில் மோத வாய்ப்பு உண்டு. கட்டியிலிருந்து வெளிவரும் காளான் வலப்பக்கம் ஊர்ந்து போய்க் குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வருகிறது. பயந்து விலக நினைத்தாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டதும் மாரியோ பெரியவனாகிறான். திரையில் ஒரு வரி விளக்கமும் இல்லை.

அடுத்த ஆண்டு அதே நின்டெண்டோ ‘மெட்ராய்ட்’ வெளியிட்டது. வலப்பக்கம் போயே பழகியவர்கள் அதிலும் வலப்பக்கம் போனார்கள். சற்று தூரத்தில் வழி மிகவும் தாழ்ந்துபோய் உடம்பு நுழையாது. தொடங்கிய இடத்துக்குத் திரும்பி இடப்பக்கம் போனால், உருண்டையாகச் சுருளும் திறன் கிடைக்கிறது. அதோடு வந்தால் அந்த இடுக்கு வழிவிடும். சாகச விளையாட்டின் சுவை முழுவதும் எனக்கு இந்த ஒரு இடுக்கில் இருக்கிறது. இன்று திறக்காத வழியை நினைவில் குறித்துக்கொண்டு போகிறோம், பிறகு வேறொருவராகத் திரும்பி வருகிறோம். 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த ‘ஹாலோ நைட்’ இதை இன்னும் கடுமையாக்கியது. புதிய பகுதிக்குப் போனால் அதன் வரைபடத்தை நீங்களே தேடி வாங்க வேண்டும். நீங்கள் கண்டுபிடித்த பாதைகள் அதில் ஏறுவதும் ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்த பிறகுதான். அதுவரை இருட்டில் குழம்பியாக வேண்டும். அந்த பெஞ்சைக் கண்டதும் வரும் நிம்மதியை எந்த மஞ்சள் சாயமும் தராது.

பொருள் பொறுக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் இதைத்தான் சாகசம் என்று நினைக்கிறார்கள். 1999இல் வந்த ‘டாங்கி காங் 64’இல் ஐந்து குரங்குகள். ஒவ்வொன்றுக்கும் தனி நிற வாழைப்பழம், ஒன்றின் பழத்தை மற்றது எடுக்க முடியாது. ஒரே குகைக்குள் ஆளை மாற்றி மாற்றிப் போய்வர வேண்டும். மன்னிக்கவும், அது சரக்கு இருப்பு எடுக்கும் வேலை.

இனிக் கதை. இவற்றில் கதை இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஜப்பானிய வடிவமைப்பாளர் ஃபுமிடோ உயேடாவின் ‘இகோ’, 2001இல் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்கு வந்தது. கொம்பு முளைத்த சிறுவன், அவனுக்குப் புரியாத மொழி பேசும் ஒரு பெண், ஒரு பாழடைந்த கோட்டை. அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டனை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். விரலை எடுத்தால் கை விடுபடும். நீங்கள் தொலைவில் இருக்கும்போது நிழலுருவங்கள் வந்து அவளை இழுத்துப் போகும். சில மணி நேரத்தில் அந்த விரல் தானாகவே அவளைத் தேட ஆரம்பித்துவிடும். ‘அவன் அவளை விட்டு அகலவில்லை’ என்று நான் எழுதினால் நீங்கள் படித்துவிட்டுக் கடந்துபோவீர்கள். அங்கே அகலாமல் இருக்க வேண்டியவர் நீங்கள். இதைக் கற்பனை எழுதுகிறவன் பொறாமையோடுதான் பார்க்க முடியும்.

செலஸ்டிலும் அப்படித்தான். அதன் நாயகி மேடலின் மனப்பதற்றத்தோடு மலைக்கு வந்தவள். கம்பிவழித் தொட்டி நடுவழியில் நின்று அவள் மூச்சுத் திணறும்போது, ஓர் இறகை மிதக்கவிடுவதுபோல் மூச்சைச் சீராக்கச் சொல்கிறான் நண்பன். அந்த இறகை மேலும் கீழும் மிதக்கவிடுவது உங்கள் விரல். விழுந்து எழுவதைத் தவிர அங்கே வேறு கதை கிடையாது என்று சொல்லலாம். அதையும் நீங்கள்தான் விழுந்து எழுந்து நடத்துகிறீர்கள்.

உதவி முறை ஏமாற்று வேலை இல்லை என்று மகனிடம் சொல்லுங்கள். அதைச் செய்தவர்களே உள்ளே வைத்த வசதி அது. ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். எண்பதில் வைத்துப் பாருங்கள், தாவல் அதே தாவல்தான். உயிர் போகாமல் இருக்கும் வசதியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன், காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

அடுத்து என்ன ஆடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்களிடம் ஸ்விட்ச் இருப்பதால் ‘ஒடிசி’ வாங்குங்கள். அதை இருவர் சேர்ந்து ஆடலாம்: ஒருவர் மாரியோவை நடத்துவார், மற்றவர் அவன் தொப்பியை. மாரியோவை மகனிடம் கொடுத்துவிட்டு, தொப்பியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.