இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் பாருங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன். 2012 மாடல் டிப்பர் லாரி ஒன்றைப் போன வருடம் பழையதாக வாங்கி, வானூர் பக்கத்து கிரஷரிலிருந்து ஜல்லி ஓட்டுகிறேன். இரவு நிறுத்தினால் காலையில் பிரேக்குக்கான ஏர் முழுக்க இறங்கிவிடுகிறது. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கணும். கம்ப்ரசர், பிரேக் வால்வு, முழு ஒயரிங் மூன்றையும் மாற்றணும் என்கிறார் புரோக்கர். மாற்றட்டுமா?

பதில்: இப்போது எதையும் மாற்றாதீர்கள். முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்.

கம்ப்ரசரின் வேலை காற்றை ஏற்றுவது. வண்டி ஓடும்போது ஏர் மீட்டர் 7, 8 கிலோவுக்கு ஒழுங்காக ஏறுகிறது என்றால் அதன் மேல் பழி போட வேண்டாம். நிறுத்தியபின் இறங்குவது கசிவு. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஏர் நிரம்பியதும் இன்ஜினை அணையுங்கள். பிரேக்கில் கால் வைக்காமல் பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். அப்புறம் ஒருவரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கால் வைக்காமலே இறங்கினால் ஏர் டேங்க், அதில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் வால்வு, பைப் ஜாயிண்ட். மிதித்தால் மட்டும் இறங்கினால் சக்கரத்துப் பக்கத்து ஹோஸ் அல்லது ஏரை வாங்கி பிரேக்கைத் தள்ளும் டப்பாவான பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர். சோப்பு நுரையைத் தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். டிப்பரில் பாடியைத் தூக்கும் ஜாக்கின் லிவருக்குப் போகிற ஏர் பைப்பையும், யாரோ நடுவில் வெட்டி ஒட்டிய ஹாரன் ஜாயிண்ட்டையும் மறக்காமல் பாருங்கள். பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்து பிரேக் பிடிக்கிறது என்று பொருள். உங்கள் வண்டியில் பிடிக்காதது வலப்பக்கம். அந்தச் சக்கரத்து பிரேக் டிரம்மைத் திறந்தால் ஹப் ஆயில் சீல் ஒழுகி, டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் லைனரில் கிரீஸ் படிந்திருக்கலாம், லைனரை டிரம்மோடு தள்ளும் எஸ் கேம் இறுகியிருக்கலாம். கிரீஸ் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டித் தருவார்கள். ஏற்காதீர்கள், சூடேறியதும் திரும்பக் கசியும். லைனர் மாற்றினால் ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை இறுக்கினால் போதும் என்று உங்கள் மெக்கானிக் சொல்லலாம். கையால் திருகும் பழைய வகை என்றால் சரி. ஆனால் பழைய வண்டியில் முந்தைய ஓனர் தானாக இறுகும் வகையை மாட்டியிருக்கக்கூடும், ஒரு பக்கம் அது, மறு பக்கம் இது என்றுகூட இருக்கும். தானாக இறுகும் வகையைக் கையால் திருகித் திருகி டைட் செய்யக் கூடாது. அது லூசாக நிற்கிறது என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது அட்ஜஸ்டரே போய்விட்டது. இறுக்கினால் அன்றைக்கு பிரேக் பிடிக்கும், அடுத்த வாரம் பழைய கதைதான். வேலையை ஆரம்பிக்கும் முன் எல்லா சக்கரத்திலும் ஒரே வகைதானா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

பின் சக்கரத்தில் இரட்டை டப்பா மாதிரி இருக்கிற ஸ்பிரிங் பிரேக் பூஸ்டரை மட்டும் தெருவோரத்தில் கழற்ற விடாதீர்கள். உள்ளே அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும்.

ஒயரிங்குக்கு வருவோம். இரண்டு விளக்கு சேர்ந்து மங்கலாக எரிவது எர்த், அதாவது மின்சாரம் சேஸிஸ் வழியாகத் திரும்பும் இணைப்பு, கோளாறாக இருப்பதன் நேரடி அடையாளம். டெயில் லைட்டின் எர்த்திலிருந்து சுரண்டிய சேஸிஸுக்கு ஒரு தனி ஒயரைத் தொட்டுப் பாருங்கள். விளக்கு பளிச்சென்றால் கோளாறு அதுதான். பெயிண்டைச் சுரண்டி, ஒயர் முனைக்குப் புது லக் போட்டு, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது. நம் ஊர் உப்புக்காற்றில் இது வருவது சகஜம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். கனெக்டரைப் பிரித்துப் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். பாடி தூக்கும் கீல் பக்கத்தில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தூக்கிய பாடிக்கு முட்டு கொடுக்காமல் அடியில் தலையை விடவே கூடாது. இன்னொன்று: வண்டி இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் வகையா பாருங்கள். அப்படி என்றால், பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் உடனே பிடுங்குங்கள், இரண்டு பேட்டரியும் பாழாகும்.

இனி புரோக்கர். மூன்றும் மாற்றணும் என்று ஆளைப் பார்த்ததும் சொல்பவருக்குப் பார்ட்ஸ் கடையில் கமிஷன் இருக்கும். பழைய வால்வைக் கழுவி பெயிண்ட் அடித்துப் புதிது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பில் இல்லாத பொருளை வாங்காதீர்கள், கழற்றிய பழையதைக் கையில் கேளுங்கள். எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரும் விளக்கும் வாடகைக்கு மாட்டி, மாலையில் கழற்றுகிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெயிண்டையும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரையும் பார்க்கிற அக்கறையில் பாதி அக்கறையோடு டிரம்முக்குள் பார்த்தால் எத்தனை உயிர் மிஞ்சும்! லோடு ஏற்றிய டிப்பர் ரெட்டிச்சாவடி நெரிசலில் நிற்காமல் போனால் அந்தச் சான்றிதழ் யாரைக் காப்பாற்றும்?

வேலை முடிந்ததும் காலி வண்டியாக ஒரு நடை ஓட்டுங்கள். திரும்பியதும் ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாதீர்கள். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது இன்னும் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடவில்லை. இரண்டில் எது இருந்தாலும் லோடு ஏற்றாமல் மெக்கானிக்கிடமே திருப்பி விடுங்கள்.