கேளுங்க சொல்றோம்: சிவாஜி எந்த ஆக்டிங் ஸ்கூல்?

கேள்வி (வாசகர், கரூர்): பையன் ஆக்டிங் கோர்ஸ்ல சேர்ந்தே தீருவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். சிவாஜி எந்த கோர்ஸ்டா படிச்சாருன்னு கேட்டேன், பதில் இல்ல. நடிப்பெல்லாம் பிறவியிலேயே வரணும்தானே?

பதில்: பையனுக்குப் பதிலா நான் சொல்றேன் சார். சிவாஜி படிச்சாரு, 7 வயசு வாக்குல ஆரம்பிச்சு ‘பராசக்தி’ வந்த 1952 வரைக்கும் படிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. சர்டிபிகேட்தான் தரல. திருச்சி சங்கிலியாண்டபுரத்துல குடும்பம் இருந்தப்போ யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையோட நாடகக் கம்பெனி வந்துச்சு, நம்ம ஆளு போய் ‘நான் அநாதை’ன்னு ஒரு பொய்யைச் சொல்லி சேந்துட்டாரு. அப்பா சின்னையா மன்றாயர் நல்லாத்தான் இருந்தாரு, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போன மனுஷன்!

பாய்ஸ் கம்பெனின்னா, அதாவது பசங்க மட்டுமே நடிச்ச இந்த மாதிரி நாடகக் கம்பெனின்னா, என்னன்னு இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியாது. கம்பெனி வீட்லயே சாப்பாடு, அங்கயே தூக்கம், பகல்ல பாட்டு, ஆட்டம், வசனப் பாடம், ராத்திரி நாடகம், இதுல தன் வேஷத்துக்கு மட்டும் பாடம் பண்ணா போதாது, ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன் அந்த வேஷத்தைக் கட்டணும், அதனால மத்தவன் வசனமும் தலைகீழாத் தெரியணும். சிவாஜி தன் குருன்னு சொன்னது சின்ன பொன்னுசாமி படையாச்சியை. ராமாயணத்துல மட்டும் சீதை, சூர்ப்பனகை, பரதன், இந்திரஜித்னு மாத்தி மாத்திப் போட்டிருக்காரு. ஒரே கதைக்குள்ள நல்லவன் கெட்டவன் ஆம்பளை பொம்பளை எல்லாமா நின்னுட்டு வர்றதை விட வேற என்ன சார் ட்ரெயினிங் வேணும்?

அந்தப் படிப்பு எங்க கை கொடுத்துச்சுன்னா, அண்ணா எழுதுன ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்துல. மராட்டிய மன்னர் சிவாஜி வேஷத்துக்கு முதல்ல எம்.ஜி.ஆர்தான் பேச்சுல இருந்தாரு, அது நடக்கல, கணேசன் கையில வசனத்தைக் குடுத்துட்டு அண்ணா கிளம்பிட்டாரு, சாயங்காலம் திரும்பி வந்து பாத்தா பையன் பக்கம் பக்கமா ஒப்பிக்கிறான். அந்த நாடகத்தைப் பாத்துட்டுத்தான் பெரியார் ‘சிவாஜி’ன்னு பேர் வெச்சாரு. ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணதை பிறவி ஞானம்னு சொன்னா, அத்தனை வருஷம் பாடம் சொல்லிக் குடுத்த வாத்தியார்களுக்கு என்ன சார் மரியாதை?

கேள்வி (வாசகி, திண்டுக்கல்): சிவாஜி பெண் வேஷம் போட்டதா எங்க தாத்தா சொல்றாரு. நம்பலாமா?

பதில்: தாராளமா நம்புங்க. பசங்க மட்டுமே இருக்குற கம்பெனியில ஸ்திரீபார்ட்டையும் பசங்கதானே கட்டணும். மகரக்கட்டு வந்து குரல் உடைஞ்சா நிறைய பேருக்கு அதோட பொழப்பே ஆட்டம் கண்டுரும், சிலர் கம்பெனியை விட்டே போயிருக்காங்க. சிவாஜி அதைத் தாண்டி வந்தவரு. இதுல வேடிக்கை என்னன்னா, வேலூர்ல சக்தி நாடக சபா போட்ட ‘நூர்ஜகான்’ல அவர் நூர்ஜகானா வந்ததைப் பாத்துட்டுத்தான் தயாரிப்பாளர் பெருமாள் முதலியார் அவரை ‘பராசக்தி’ ஹீரோவாக்கினாரு. கூட்டுத் தயாரிப்பாளரான ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாருக்கு வேற ஆளைப் போடலாம்னு எண்ணம், பெருமாள் அசைஞ்சு குடுக்கல. அந்தப் படத்துக்கு சிவாஜிக்கு மாசம் 250 ரூபா சம்பளம்!

கேள்வி (வாசகர், ஈரோடு): எல்லாம் சரி, சிவாஜி ஓவர் ஆக்டிங்தானே?

பதில்: சில படங்கள்ல ஆமா, மறுக்க மாட்டேன். ஆனா மைக் இல்லாத கொட்டகையில கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கணும், முகம் தெரியணும்னு பழகுன உடம்பு அது, கேமரா பக்கத்துல வந்ததும் சட்டுனு அடங்கிடுமா? டைரக்டர் கேட்டா அடக்கவும் தெரியும்ங்கிறதுக்கு 1985ல வந்த ‘முதல் மரியாதை’ இருக்கு, போய் பாருங்க.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): இந்தக் காலத்துல அப்படி கம்பெனி மாதிரி எங்கயாச்சும் கத்துக்கிட்டு வந்தவங்க உண்டா?

பதில்: ந.முத்துசாமி 1977ல ஆரம்பிச்ச கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவைச் சொல்லலாம். பசுபதி, கலைராணி, விமல், விதார்த் எல்லாம் அங்கேருந்து வந்தவங்க. விஜய் சேதுபதி அங்க சேந்தது நடிகரா இல்ல, அக்கவுண்டன்ட்டா! கணக்கு எழுதிக்கிட்டே பக்கத்துல நடக்குற ஒத்திகையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.